நாலாம் வாசல்

கெடிலத்தின் தென்கரையில் மாளிகை.
அடுப்புக்கும் அரசர் இலைக்கும் நடுவே
இருநூற்றுப் பன்னிரண்டு தப்படி,
ஏழு வாசல்.
நான் நாலாம் வாசல்.
ருசி பார்க்கிறவன். பேர் பாவாடை.

ஒரு கவளம் விழுங்கிவிட்டு
நூறு எண்ணும்வரை உட்கார்ந்திருப்பேன்.
நான் சாகவில்லை என்றால்
சோறு ஐந்தாம் வாசலுக்குப் போகும்.
பதினோரு வருஷமாய் நான் சாகவில்லை.
பதினோரு வருஷமாய் அவர்
சூடாய் ஒரு வாய் சாப்பிட்டதும் இல்லை.

ஐப்பசி அடைமழை.
தேவனாம்பட்டினத்துப் பக்கம் கடல் உறுமுகிறது.
அன்றைக்குக் கிழங்கான் குழம்பு.
இலையில் கைவைத்துக்கொண்டே சொன்னாராம்:
நாளைக்கு இது
கொதிக்கக் கொதிக்க வரவேண்டும்.

உத்தரவு என்றார் பிரதானி.
உத்தரவு என்றார் தளவாய்.
உத்தரவு, உத்தரவு என்று
வாசல் வாசலாய் இறங்கி
அடுப்படிக்கு வந்து சேர்ந்தபோது
அந்தச் சொல்லும் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் என்ன செய்தார்கள்?
வட்டிலுக்கு மேல் வட்டிலைக் கவிழ்த்தார்கள்.
கவிழ்த்ததைத் திறக்க ஒருவனை நியமித்தார்கள்.
திறந்ததற்குச் சாட்சியாக இன்னொருவன்.
அவர்கள் நிற்க ஓர் இடம் வேண்டுமே,
வாசல் எட்டாயிற்று.

உன் நூறைக் குறைத்துக்கொள்ளேன் என்றார் பிரதானி.
குறைக்கிறேன் சாமி,
விஷத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

வாசல் சட்டம் அவர் பாட்டன் போட்டது.
செப்பேட்டில் வெட்டியிருக்கிறது,
சந்திர சூரியர் உள்ளவரை என்று.
அந்த இரண்டு பேரையும்
யார் கூப்பிட்டுப் பேசுவது?

வரி ஏய்த்தவன் கண்ணைப் பிடுங்கச் சொன்னவர்தான்.
மஞ்சக்குப்பத்து நஞ்சையை
ஒரு கையசைப்பில் பாடலீசருக்கு எழுதிவைத்தவர்தான்.
ஒரு கவளத்தின் ஆவி மட்டும்
அவர் பேச்சுக்கு நிற்கவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி
குடை இல்லை, கட்டியக்காரன் இல்லை,
அவரே இறங்கி வந்தார்.
என்னைத் தாண்டும்போது
எல்லாரையும் போல
நனைந்த துணி வாடைதான் அடித்தது.

அடுப்படியில் பச்சைவாழி
குழம்பை இறக்கப் போகிற நேரம்.
அரிவாள்மணையில் அஞ்சாபுலி.
விறகு தள்ளுகிற பையனோடு
தண்ணீர்க்காரிக்கு வாய்ச்சண்டை.
"மூதேவி, உப்பை எங்கடா வெச்சே"
என்கிறவரைக்கும் அவர் காதில் விழுந்திருக்கும்.
முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.
அப்புறம் அவரைப் பார்த்துவிட்டார்கள்.

கரண்டி விழுந்தது.
பதினாறு பேரும் குப்புற விழுந்தார்கள்.
எழுந்திருங்கள் என்றார்.
இன்னும் தாழ விழுந்தார்கள்.
குழம்பை இறக்குங்கள் என்றார்.
அவர் நிற்கையில் யார் எழுந்து நிற்பது?

பொங்கி வழிந்தது.
அடிப்பிடித்த வாடை கூரை வரை ஏறியது.
சட்டி இறக்க அவருக்குத் தெரியாது.
கரித்துணி எதுவென்று தெரியாது.
வெறுங்கையை நீட்டினார்.

சுட்ட விரலை வாயில் வைக்காமல்
விளக்கருகே பிடித்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்,
யாரோ கொடுத்த மோதிரம் மாதிரி.

வைத்தியர் ஓடிவந்தார் களிம்போடு.
அரசர் உடம்பில் படும் எதுவும்
முதலில் என் உடம்பில் படவேண்டும்.
களிம்பைச் சோதிக்கப் புண் வேண்டுமே.
என் கையைப் பிடித்தார்கள்.
வேண்டாம், விடுங்கள் என்றார் அரசர்.
உத்தரவு என்றபடியே
என் விரலைச் சட்டியில் வைத்து அழுத்தினார்கள்.

களிம்பு தடவி உட்காரவைத்தார்கள்.
எண்ணத் தொடங்கினேன்.
எதிரே அவர் விரல் கொப்பளித்துக்கொண்டிருந்தது.
உதடு அசைந்தது. அவரும் எண்ணுகிறார்.
நான் எழுபதைத் தொட்டபோது
அவர் எங்கோ பின்தங்கி
நாற்பதிலேயே
திரும்பத் திரும்பத் தடுமாறிக்கொண்டிருந்தார்.